தினசரி ஆங்கிலத்தில் புழங்கும் எந்தெந்த மரபுத்தொடர்கள் கப்பலிலிருந்து வந்தவை?

நிறைய உண்டு. காற்று பாயின் எந்தப் பக்கத்தில் படுகிறது என்று தெரிந்தாலே அவற்றில் சில விளங்கிவிடும்.

'டேக்கன் அபேக்' என்றால் திகைத்துப்போவது. காற்று சட்டென்று திசை மாறினாலோ, சுக்கான் பிடிப்பவர் கப்பலைக் காற்றுக்கு மிக நெருக்கமாகத் திருப்பிவிட்டாலோ, காற்று சதுரப்பாயின் முன்பக்கத்தில் அறைந்து அதைப் பாய்மரத்தோடு அப்பிவிடும். கப்பல் நின்று பின்னால் நகரத் தொடங்கும். பாய்மரத்தைத் தாங்கும் கயிறுகளில் பெரும்பாலானவை பின்காற்றைச் சமாளிக்கத்தான் கட்டப்பட்டவை; முன்னாலிருந்து பலமாக அடித்தால் மரமே முறியலாம். வெறும் 'ஆச்சரியப்பட்டார்' என்று எழுதினால் அந்த வேகம் வராது.

'பை அண்ட் லார்ஜ்' என்பதில் 'பை' எதிர்க்காற்றை ஒட்டி ஓடுவது; சதுரப்பாய்க் கப்பல் காற்றின் திசைக்குச் சுமார் 67 பாகை வரைதான் நெருங்கும். 'லார்ஜ்' பின்காற்றில் ஓடுவது. இரண்டிலும் நன்றாக ஓடும் கப்பல் எல்லாக் காற்றுக்கும் ஏற்றது. 'மொத்தத்தில்' என்ற பொருள் அப்படி வந்தது.

நிறைபோதையைக் குறிக்கும் 'த்ரீ ஷீட்ஸ் டு த விண்ட்'டில் 'ஷீட்' பாயல்ல, பாயின் கீழ்மூலையை இழுத்துப் பிடிக்கும் கயிறு. அது அவிழ்ந்தால் பாய் படபடக்கும், கப்பல் தள்ளாடும்.

எனக்குப் பிடித்தது 'டீப் சிக்ஸ்', அதாவது தூக்கியெறிவது. ஆழம் பார்க்கும் ஈயக்குண்டின் கயிற்றில் 2, 3, 5, 7, 10 பாகங்களில் அடையாளம் இருக்கும். ஒரு பாகம் ஆறு அடி. இருட்டிலும் தடவி அறிய 2-இல் இரண்டு தோல்வார், 3-இல் மூன்று, 5-இல் வெள்ளைத்துணி, 7-இல் சிவப்புத்துணி, 10-இல் துளையிட்ட தோல். அடையாளமுள்ள ஆழத்தை 'மார்க்' என்றும், இல்லாததை 'டீப்' என்றும் கூவுவார்கள். 6-இல் அடையாளம் இல்லை, அதனால் 'டீப் சிக்ஸ்'. மிசிசிப்பி ஆற்றில் படகோட்டிய எழுத்தாளர் சாமுவேல் கிளெமென்ஸ் சூட்டிக்கொண்ட மார்க் ட்வெயின் என்ற பெயரும் இதே வழக்கம்தான்: இரண்டு பாகம், 12 அடி.

கடைசிவரை என்ற பொருளில் வரும் 'பிட்டர் எண்ட்' நங்கூர வடத்தின் உள்முனை. வடத்தைச் சுற்றிக் கட்டும் தடித்த கட்டைகள் 'பிட்ஸ்'. அந்த முனைவரை வெளியே போய்விட்டால் மேலும் விட வடமில்லை. ஆனால் 'பிட்டர்' என்றால் கசப்பு; பைபிளில் நீதிமொழிகள் 5:4-இலும் கசப்பான முடிவு வருகிறது; இரண்டும் கலந்திருக்கலாம்.

ஆடம்பரத்தைக் குறிக்கும் 'போஷ்' (posh) மட்டும் இந்தப் பட்டியலில் வேண்டாம். இந்தியாவுக்குப் போகும்போது இடப்பக்க அறை, திரும்பும்போது வலப்பக்க அறை ('Port Out, Starboard Home') என்பதன் முதலெழுத்துகளை பி அண்ட் ஓ கப்பல் நிறுவனத்தின் பயணச்சீட்டில் அச்சிட்டார்களாம். அப்படி ஒரு சீட்டுகூட இதுவரை கிடைக்கவில்லை.