அப்பாவின் வேலை போனதைப் படிக்க எந்தப் பாடம்?

கேள்வி: அம்மா, வணக்கம். பள்ளிப் படிப்பை முடிக்கப்போகிறேன். கல்லூரியில் சமூக அறிவியல் படிக்க ஆசை. சமூகவியலா, பொருளாதாரமா, உளவியலா என்று முடிவுக்கு வர முடியவில்லை. கணக்கு என்றால் பயம். இரண்டு வருடத்துக்கு முன்னால் அப்பா வேலை பார்த்த ஆலையை மூடிவிட்டார்கள். அப்போதிருந்து அவர் ஆளே மாறிவிட்டார். நாள் முழுக்க வீட்டில்தான் இருக்கிறார், ஆனால் பேப்பர்கூடப் படிப்பதில்லை. ஏன் இப்படி ஆகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்போல இருக்கிறது. வீட்டிலோ, "இதைப் படித்தால் வேலை கிடைக்குமா?" என்கிறார்கள். மூன்று வருடத்தை எப்படித் திட்டமிடுவது?
– ஒரு வாசகி

பதில்: மகளே, பாடங்களைப் பற்றி நீ எழுதியதைவிட அப்பாவைப் பற்றி எழுதிய நாலு வரிதான் என் மனதில் நின்றது. உன் படிப்புத் திட்டத்தை அங்கிருந்தே தொடங்கலாம்.

ஆஸ்திரியாவில், வியன்னாவுக்குப் பக்கத்தில், மரியென்டால் என்று ஒரு சிற்றூர். ஊரே ஒரு நெசவாலையை நம்பியிருந்தது. 1929-30இல் ஆலை மூடப்பட்டது. பெரும்பாலான குடும்பங்களுக்குப் பிழைப்பு போயிற்று. 1931 கடைசியில் வியன்னாவிலிருந்து இளைஞர்கள் சிலர் அங்கே ஆய்வுக்குப் போனார்கள். ஊரிலிருந்த 478 குடும்பங்களுக்கும் தனித்தனியாகக் குறிப்பு எழுதினார்கள். ஊர் நூலகக் கணக்கையும் புரட்டினார்கள். வேலை இல்லை, நேரம் நிறைய இருக்கிறது, வாசிப்பு கூடியிருக்கும் என்றுதானே நினைப்போம்? நடந்தது நேர்மாறு. நூலகத்தில் கட்டணத்தை எடுத்துவிட்ட பிறகும், இரவல் போன புத்தகங்கள் இரண்டு வருடத்தில் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தன. செய்தித்தாள் வாசிப்பும் குறைந்திருந்தது. அப்புறம், தெருவில் போகிறவர்கள் என்ன வேகத்தில் நடக்கிறார்கள் என்று கடிகாரத்தை வைத்துக்கொண்டு கவனித்தார்கள். ஆண்களின் நடை தளர்ந்திருந்தது, வழியில் அடிக்கடி நின்றார்கள். பெண்கள் அந்த அளவுக்கு நிற்கவில்லை. அவர்களுக்குச் சம்பள வேலைதான் போயிருந்தது, வீட்டு வேலை போகவில்லை.

பேப்பரைத் தொடாத உன் அப்பாவை நினைத்துக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன். அது அவர் ஒருவருடைய குணக்கோளாறு என்று நீ எண்ணிவிடக் கூடாது.

அந்தக் குழுவில் முக்கியமானவர்கள் மூன்று பேர். மரி யஹோடா உளவியல் படித்தவர், அப்போது அவருக்கு வயது 24. பால் லாசர்ஸ்ஃபெல்டு கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர். ஹன்ஸ் ட்சைசெல் சட்டம் படித்தவர். ஒரே கேள்விக்கு மூன்று படிப்பும் தேவைப்பட்டிருக்கிறது. அதனால் "முடிவுக்கு வர முடியவில்லை" என்பதை ஒரு குறையாக நினைக்காதே.

சரி, மெயினாக எதை எடுப்பது? உன் கேள்வியைக் கொஞ்சம் பிரித்துப் பார். ஆலை ஏன் நஷ்டப்பட்டது என்று கேட்டால் பொருளாதாரம். மூடும் முடிவை யார் எடுத்தார்கள், வேலை இழந்தவர்களுக்கு அரசு என்ன செய்தது என்றால் அரசியல் அறிவியல். அப்பாவின் மனதில் என்ன நடக்கிறது என்றால் உளவியல். நண்பர்கள் ஏன் விலகினார்கள், வீட்டில் யார் பேச்சு எடுபடுகிறது, ஊரில் அவருடைய மதிப்பு என்ன ஆயிற்று என்றால் சமூகவியல். இவற்றில் எதைக் கேட்டதும் உனக்கு அடுத்த கேள்வி தானாக வருகிறதோ, அதை மெயினாக வைத்துக்கொள். உன் கடிதத்தை வைத்து என் அபிப்பிராயம்: சமூகவியல் மெயின், உளவியலோ பொருளாதாரமோ துணைப்பாடம். நாலிலும் ஒவ்வொரு அறிமுகப் பாடம் மட்டும் படித்துவிட்டு வெளியே வருவதை நான் விரும்பவில்லை. எதிலும் அடுத்த படிக்குப் போகாமலே பட்டம் முடிந்துவிடும்.

கணக்கு விஷயத்தில் மட்டும் உன்னிடம் கொஞ்சம் பிடிவாதமாகப் பேசப்போகிறேன். எலினார் ஆஸ்ட்ரம் என்ற அமெரிக்க ஆய்வாளரைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பாய். பள்ளியில் அவரை முக்கோணவியல் எடுக்க விடவில்லை. போதிய கணக்கு இல்லாததால் பொருளாதார முனைவர் படிப்பில் இடம் கிடைக்கவில்லை. அரசியல் அறிவியல் பக்கம் போனார். நிலத்தடி நீர், மீன்வளம், மேய்ச்சல் நிலம் போன்ற பொதுச் சொத்துகளை மக்கள் தாங்களே எப்படிக் காப்பாற்றுகிறார்கள் என்று ஆராய்ந்தார். 2009இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற முதல் பெண் அவர்தான். இதைக் கேட்டு, கணக்கு இல்லாமலும் சமாளிக்கலாம் என்று ஆறுதல் அடைந்துவிடாதே. ஒரு பாடம் கிடைக்காமல் போனதற்காக ஒரு துறையே அவருக்குக் கதவைச் சாத்தியது. எல்லோருக்கும் அப்படிச் சுற்றுவழி அமைவதில்லை.

உனக்கு இப்போதைக்கு உயர்கணிதம் வேண்டாம். பொருளாதாரத்தில் மேற்படிப்பு வரை போகிற எண்ணம் வந்தால் அது கட்டாயம் வேண்டும். ஆனால் புள்ளியியல் எந்தப் பாதையிலும் வேண்டும், அதுவும் முதல் வருடத்திலேயே. நான் படித்தபோது பயந்துபோய் அதைக் கடைசி வரை தள்ளிவைத்தேன். அறுபது வீடு ஏறி இறங்கி வினாத்தாள்களை நிரப்பிக்கொண்டு வந்த பிறகுதான், கேள்விகளையே தப்பாக அமைத்திருக்கிறேன் என்று தெரிந்தது. அந்த வீட்டுக்காரர்கள் எனக்குக் கொடுத்த நேரம் வீணாயிற்றே என்ற வருத்தம் இன்னும் இருக்கிறது.

அதனால் திட்டத்தைக் கடைசி வருடத்திலிருந்து பின்னோக்கிப் போடு. கடைசியில் நீயே செய்யும் ஓர் ஆய்வு இருக்க வேண்டும். அதற்கு முன்னால் பேட்டி எடுக்கவும் கள ஆய்வு செய்யவும் கற்றுக்கொடுக்கிற ஆய்வுமுறைப் பாடம் முடிந்திருக்க வேண்டும். அதற்கும் முன்னால் புள்ளியியல். இப்படி மூன்றையும் வரிசையில் உட்கார வைத்துவிட்டால் மீதியைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். விருப்பப் பாடங்களில் இரண்டு இடத்தை முடிவு செய்யாமல் விட்டுவை. வரலாறோ மானிடவியலோ, இன்றைக்குத் தோன்றாத ஏதோ ஒன்று இரண்டாம் வருடத்தில் உன்னை இழுக்கும். எந்தப் பாடத்துக்கு எந்தப் பாடம் முன்தேவை என்பதை மட்டும் இப்போதே பார்த்துக்கொள். கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது, கடைசி வருட ஆய்வு உண்டா, அதை ஆசிரியர் ஒருவர் கூடவே இருந்து திருத்துவாரா என்று கேள். கட்டடத்தைவிட இது முக்கியம்.

வேலை பற்றி வீட்டில் கேட்பது நியாயமான கேள்வி, அதுவும் உங்கள் நிலைமையில். பட்டத்தின் பெயரை மட்டும் பார்த்து யாரும் கூப்பிட மாட்டார்கள் என்பது உண்மை. தரவைக் கையாளவும், மனிதர்களிடம் பேசி விவரம் வாங்கவும், தெளிவாக அறிக்கை எழுதவும் தெரிந்தவர்களுக்கு ஆய்வு நிறுவனங்கள், அரசுப் புள்ளிவிவரத் துறைகள், தொண்டு நிறுவனங்கள், பத்திரிகைகள், நிறுவனங்களின் மனிதவளப் பிரிவு என்று பல இடங்கள் உண்டு. விடுமுறையில் ஒரு இண்டர்ன்ஷிப் செய்துவிடு. உளவியல் ஆலோசகராக வேண்டும் என்றால் இளநிலைப் பட்டம் போதாது, மேலே படிக்க வேண்டியிருக்கும். அந்தச் செலவையும் வருடங்களையும் வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடு.

இன்னொன்று. அப்பாவை உன் ஆய்வுப் பொருளாக்கிவிடாதே. அவர் உனக்கு அப்பா மட்டும்தான். மரியென்டாலுக்குப் போனவர்கள், வெறுமனே வேடிக்கை பார்க்கிறவர்களாக யாரும் அங்கே இருக்கக் கூடாது என்று முடிவு செய்திருந்தார்கள். துணிகள் சேகரித்துக் கொடுத்தார்கள், இலவச மருத்துவ ஆலோசனைக்கு ஏற்பாடு செய்தார்கள், தையல் வகுப்பு நடத்தினார்கள். நாளை நீ வேறு யாருடைய வீட்டுக் கதவைத் தட்டினாலும் முதலில் அவர்கள் சம்மதத்தைக் கேள், நீ திருப்பித் தரக்கூடியது என்ன என்றும் யோசி.

இப்போது செய்ய வேண்டியது ஒன்றுதான். உனக்குத் தோதான இரண்டு, மூன்று கல்லூரிகளின் பாடத்திட்டத்தை வாங்கி, அப்பாவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஒரு தாளில் ஆறு செமஸ்டருக்கும் கட்டம் போடு. போட்டு முடித்ததும் எனக்கு எழுது. எந்த செமஸ்டரில் புள்ளியியல் வருகிறது என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடு.