கட்சி பார்த்து வரும் கோபம்

கேள்வி: எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில், தனக்குப் பிடிக்காத கட்சியின் பெண் தலைவர்களைப் பற்றிச் சித்தப்பா ஆபாசமான மீம்கள் போடுகிறார். தட்டிக் கேட்டால், "அரசியலுக்கு வந்தா விமர்சனத்தைத் தாங்கணும். நான் எழுதலையே, ஃபார்வர்டுதானே பண்ணேன்" என்கிறார். என்ன பதில் சொல்வது?
– வாசகி, விருதுநகர்

பதில்: அந்த மீம் எதை விமர்சிக்கிறது என்று கேளுங்கள் அம்மா. குடிநீரையா, ரேஷன் கடையையா, அவர் சபையில் பேசியதையா?

நான் பேரூராட்சி கவுன்சிலராக இருந்தவள். சாக்கடை அடைத்துக்கொண்டால் வார்டு மக்கள் திட்டுவார்கள். அது அவர்கள் உரிமை, வாங்கிக்கொள்வேன். ஆனால் பக்கத்து வார்டு ஆண் உறுப்பினரைக் 'கமிஷன் வாங்குகிறார்' என்று எழுதிய அதே ஃபேஸ்புக் பக்கம், கூட்டம் முடிந்து இரவு யாருடைய வண்டியில் நான் வீடு திரும்பினேன் என்று எழுதியது. சாக்கடையைப் பற்றி அதில் ஒரு வரி கிடையாது. விமர்சனம் எது, வசை எது என்று பிரித்துப் பார்க்க இது போதும்.

'நான் எழுதலையே' என்பதற்கு நீதிமன்றமே பதில் சொல்லிவிட்டது. 2018-ல் பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்தும் பதிவு ஒன்றை நடிகர் எஸ்.வி. சேகர் ஃபேஸ்புக்கில் பகிர்ந்தார். படிக்காமல் பகிர்ந்துவிட்டதாக விளக்கம் சொன்னார். ஒரு செய்தியை ஃபார்வர்டு செய்வது அதை ஏற்று ஆமோதிப்பதற்குச் சமம் என்றது சென்னை உயர் நீதிமன்றம். 2024 பிப்ரவரியில் சிறப்பு நீதிமன்றம் அவருக்கு ஒரு மாதச் சிறையும் 15,000 ரூபாய் அபராதமும் விதித்தது. இதை அப்படியே சித்தப்பாவுக்கு அனுப்புங்கள்.

கேள்வி: எல்லாக் கட்சிக்காரர்களும் இதைத்தானே செய்கிறார்கள்?
– வாசகர், கரூர்

பதில்: செய்கிறார்கள். தன் கட்சிப் பெண்ணைச் சொன்னால் மட்டும் கொதிப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. 2018-ல் தி.மு.க.வின் கனிமொழியின் பிறப்பை இழிவாகக் குறிப்பிட்டு பா.ஜ.க.வின் எச். ராஜா ட்விட்டரில் எழுதினார். 2024 டிசம்பரில் அவருக்கு ஆறு மாதச் சிறைத் தண்டனை வந்தது. மேல்முறையீட்டுக்காக அது நிறுத்திவைக்கப்பட்டது. இடையில் 2022 அக்டோபரில், பா.ஜ.க.வில் இருந்த நடிகைகளைப் பற்றி தி.மு.க. பேச்சாளர் ஒருவர் மேடையில் கேவலமாகப் பேசிய வீடியோ பரவியது. அந்த நடிகைகளில் ஒருவரான குஷ்பு ட்விட்டரில் கனிமொழியைக் குறிப்பிட்டே நியாயம் கேட்டார். கனிமொழி மழுப்பவில்லை, பேசியது தன் கட்சிக்காரராக இருந்தும் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். தானும் அதே வசையை வாங்கியவர் அவர். அந்த நேர்மையை நான் மனதாரப் பாராட்டுகிறேன். ஆண் தலைவர்களும் இதைச் செய்ய வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வசை எல்லாப் பெண்களுக்கும் ஒரே அளவில் விழுவதில்லை. 2019 மக்களவைத் தேர்தல் சமயத்தில் 95 பெண் அரசியல்வாதிகளைக் குறிப்பிட்டு வந்த ட்வீட்களை மனித உரிமை அமைப்பான ஆம்னஸ்டி இந்தியா ஆராய்ந்தது. ஏறக்குறைய ஏழில் ஒன்று வசையாகவோ மோசமானதாகவோ இருந்தது. முஸ்லிம் பெண்களுக்கு மதத்தைச் சொல்லியும், ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்களுக்குச் சாதியைச் சொல்லியும் கூடுதலாக விழுந்தது.

கேள்வி: உள்ளாட்சித் தேர்தலில் நிற்க என் மகளுக்கு ஆசை. ஊரில் என்னென்ன எழுதுவார்களோ என்று பயமாக இருக்கிறது.
– ஒரு தாய், தேனி

பதில்: நிற்கட்டும். தமிழ்நாட்டு உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று 2016-லேயே சட்டம் வந்துவிட்டது. அவள் தயங்கினால் யாராவது ஒருவரின் மனைவியை நிறுத்திவிட்டு, அந்தக் கணவர் கவுன்சிலர் வேலை பார்ப்பார்.

பயத்துக்கு வழி சொல்கிறேன். பிரசார நாட்களில் அவள் பக்கத்துக்கு வரும் கமென்ட்களை அவளே படிக்க வேண்டாம். தம்பியோ தோழியோ பார்க்கட்டும். வசை வந்தால் பதில் போடாமல், அழிக்காமல், தேதியும் கணக்குப் பெயரும் தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுத்து, லிங்க்கையும் சேர்த்து வையுங்கள். அப்புறம் மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுத்து, ரசீது வாங்குங்கள். முக்கியமாக, வீட்டு ஆண்கள் அன்றைக்கு, "இதெல்லாம் நமக்குத் தேவையா?" என்று அவளிடம் கேட்கக் கூடாது. அதை இப்போதே அவர்களிடம் பேசிவிடுங்கள்.