ராஸ்பெர்ரி பை போன்ற சின்ன கம்ப்யூட்டர்களால் கடைக்கோ தொழிலுக்கோ உருப்படியான பயன் ஏதும் உண்டா?

நிச்சயமாக உண்டு. ஆனால் பில் போடும் கம்ப்யூட்டருக்குப் பதிலாக இதை வாங்காதீர்கள். டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேர் விண்டோஸுக்கானது, பை ஓடுவது போன்களில் இருப்பது போன்ற ஏ.ஆர்.எம். வகை பிராசஸரில், லினக்ஸ் என்ற வேறு ஆபரேட்டிங் சிஸ்டத்தில். அங்கே மல்லுக்கட்டுவது வீண். ஒரே வேலையை ராப்பகலாக, ஆள் பார்க்காமல் செய்ய வேண்டிய இடத்தில்தான் இதன் அருமை தெரியும்.

இப்படிச் சின்னச் சின்ன செட்டப் போட்டுக் கொடுப்பதுதான் என் தொழில். நான் முதலில் சொல்வது மருந்துக்கடை ஃப்ரிட்ஜைத்தான். பிரிக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். சூடு ஏறினாலும் கெடும், உறைந்தாலும் கெடும். கெட்டது பல நேரம் பார்வைக்குத் தெரியாது. வாங்கிப் போகிறவர் அதை நம்பி ஊசி போட்டுக்கொள்கிறார். காலையும் மாலையும் நோட்டில் குறிக்கும் டிகிரி, நடுராத்திரி கரண்ட் போன கதையைச் சொல்லாது.

இதற்கு டி.எஸ்.18பி20 என்ற, டிகிரி அளக்கும் சென்சார் போதும். நீர் புகாத உலோக முனையோடு கிடைக்கும். பையில் உள்ள 3.3 வோல்ட், கிரவுண்ட், ஜி.பி.ஐ.ஓ. 4 (டேட்டா) என்ற பின்களுக்கு மூன்று ஒயர். டேட்டா ஒயருக்கும் 3.3 வோல்ட்டுக்கும் இடையே ஒரு 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர். அளவு தாண்டினால் முதலாளி போனுக்கு டெலிகிராமில் செய்தி போகும்படி சின்ன பைதான் புரோகிராம் எழுதிவிடலாம். முனையைச் சும்மா தொங்கவிட்டால் கதவு திறக்கும்போதெல்லாம் அலாரம் அடிக்கும். கிளிசரின் ஊற்றிய சின்ன பாட்டிலுக்குள் இறக்கிவிடுங்கள். பாட்டிலில் இருக்கும் மருந்தின் சூட்டை ஒட்டியே காட்டும்.

பையும் வைஃபை ரௌட்டரும் இரண்டுமே இன்வெர்ட்டர் லைனில் இருக்க வேண்டும். ரௌட்டர் அணைந்தால் கரண்ட் போன நேரத்தில்தான் செய்தி வராமல் போகும். திடீரென பவர் போனால் மெமரி கார்டும் கெட்டுப்போகலாம். எல்லாம் செட் ஆனதும், பையின் செட்டிங்ஸ் மெனுவான ராஸ்பி-கான்ஃபிக்கில் ஓவர்லே ஃபைல் சிஸ்டத்தை ஆன் செய்துவிடுங்கள். அதன்பின் கார்டில் எதுவும் எழுதாது என்பதால், டிகிரி பதிவை ஆன்லைன் ஷீட்டுக்கு அனுப்ப வேண்டும்.

ஹோட்டலில் விலைப்பட்டியல் காட்டும் டிவி, கிளினிக்கில் டோக்கன் நம்பர் காட்டும் திரை இவற்றுக்கும் பை நன்றாகப் பொருந்தும். எச்.டி.எம்.ஐ. கேபிள் சொருகி, பிரவுசரை முழுத்திரையில் திறக்க வைத்தால் வேலை முடிந்தது.

ஒரே ஒரு ஃப்ரிட்ஜின் டிகிரி மட்டும்தான் தேவை என்றால் பைகூட வேண்டாம், இ.எஸ்.பி.32 என்ற, வைஃபை உள்ள சின்ன கன்ட்ரோலர் போர்டு அதைவிடப் பல மடங்கு மலிவு. திரையோ கேமராவோ சேரும்போது பை வாங்குங்கள்.