சிறிய காரில் ஏடிவி (கரடுமுரடான பாதையில் ஓடும் சிறு வண்டி) ஒன்றை இழுத்துச் செல்ல எந்த டிரெய்லர் சரி?

இழுவைத் திறன் என்பது ஒரு கார் பத்திரமாக இழுக்கவும் நிறுத்தவும் கூடிய மொத்த எடை. கார் கையேட்டில் இருக்கும். டிரெய்லரின் சொந்த எடையும் அதில் அடக்கம். பலர் இதை மறந்துவிடுகிறார்கள். 300 கிலோ ஏடிவியை 200 கிலோ டிரெய்லரில் ஏற்றினால் கணக்கு 500. சில சிறிய கார்களின் கையேடே இழுக்கக் கூடாது என்கிறது. அதோடு பேச்சு முடிந்தது.

அடுத்தது, டிரெய்லரை மாட்டும் கார்க் கொக்கியின் மீது விழும் எடை. மொத்தத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு, இங்கே 50 கிலோ, அங்கே அழுத்த வேண்டும். கொக்கி அதைத் தாங்குமா என்பதும் கையேட்டில் உண்டு. தேக்கா சந்தையில் வாங்கிய பைகளையெல்லாம் குழந்தையின் தள்ளுவண்டிக் கைப்பிடியில் மாட்டினால் முன்சக்கரம் தூக்கிக்கொள்ளும் அல்லவா? சுமை பின்னால் சாய்ந்த டிரெய்லரும் அப்படித்தான் காரின் பின்புறத்தைத் தூக்கும். வேகம் கூடினால் பக்கவாட்டில் ஆடத் தொடங்கும். அதனால் ஏடிவியை முன்பின் நகர்த்திக் கட்ட இடமுள்ள டிரெய்லரே என் தேர்வு. அலுமினியம் எடை குறைவு, விலைதான் கூடுதல்.

கொக்கி பொருத்தும் முன் சிங்கப்பூர் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகளைப் பார்த்துவிடுங்கள்.

"இன்ஜினுக்குச் சக்தி இருந்தால் போதும்" என்பது தவறு: பிரேக், சஸ்பென்ஷன், காரின் சொந்த எடை எல்லாம் சேர்ந்தே இழுவைத் திறன் வரம்பு வைக்கப்படுகிறது.