ஃபார்ம் இழந்த மார்க் கேவண்டிஷை 2019 டூர் டி பிரான்ஸ் அணியில் சேர்க்காதது சரியான முடிவா?

நேராகவே சொல்லிவிடுகிறேன். 2019ல் அவரை எடுக்காமல் விட்டது எனக்கு வருத்தம்தான், ஆனாலும் அதில் ஒரு நியாயம் இருந்தது. அந்த முடிவு வந்த விதத்தில்தான் நியாயம் இல்லை. என்னைக் கேட்டால், அந்த அணியின் பெரிய தவறு அதற்கு முந்தைய வருடமே நடந்துவிட்டது. 2018ல் அவரை எடுத்தார்களே, அதுதான்.

சைக்கிள் பந்தயம் பார்க்காதவர்களுக்குக் கொஞ்சம் பின்னணி. டூர் டி பிரான்ஸ் மூன்று வாரம் நடக்கும், மொத்தம் 21 ஸ்டேஜ். ஒவ்வொரு ஸ்டேஜும் ஒரு முழுப் பந்தயம். எல்லா நாளும் சேர்த்து குறைந்த நேரம் எடுத்தவருக்கு மஞ்சள் ஜெர்சி. கேவண்டிஷ் அதற்காக ஓட்டுகிற ஆள் இல்லை. மலை வந்தால் கடைசிக் கூட்டத்தோடு போய்விடுவார். சமதரையில், கடைசி 200 மீட்டரில், அவருடைய நல்ல நாளில் அவரைப் பிடிக்க ஆள் கிடையாது. ஐல் ஆஃப் மேன் என்ற சின்னத் தீவில் 1985ல் பிறந்தவர். 2008ல் நான்கு ஸ்டேஜ் ஜெயித்தார், 2009ல் ஆறு, 2010ல் ஐந்து, 2011ல் ஐந்து. 2016 முடியும்போது மொத்தம் 30. பெல்ஜிய ஜாம்பவான் எடி மெர்க்ஸின் 34 என்ற சாதனைக்கு நான்குதான் பாக்கி.

நான் 2011ல் பார்க்க ஆரம்பித்தேன். அவர் பச்சை ஜெர்சி (புள்ளிக் கணக்கில் முதலில் வருபவருக்குத் தருவது) ஜெயித்த வருடம் அது. ஸ்டேஜ் முடிய நம் நேரப்படி இரவு ஒன்பது மணி வாக்கில் ஆகும். ஜூலை மாதம் முழுக்க எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாடு அந்தக் கடைசி மூன்று கிலோமீட்டருக்கு அப்புறம்தான்.

அந்த மூன்று கிலோமீட்டரைப் புரிந்துகொண்டால்தான் "ஃபார்ம்" என்ற வார்த்தை இங்கே எவ்வளவு சிக்கலானது என்று தெரியும். ஸ்பிரின்டர், அதாவது கேவண்டிஷைப் போல கடைசிப் பாய்ச்சலை நம்பி ஓட்டுகிறவர், தனியாக ஜெயிப்பதில்லை. அணியில் நான்கைந்து பேர் வரிசையாக அவருக்கு முன்னால் ஓட்டி, காற்றை அவர்கள் வாங்கிக்கொண்டு, ஒவ்வொருவராக ஒதுங்குவார்கள். கடைசி ஆள் ஒதுங்கும்போது வேகம் மணிக்கு 60 கிலோமீட்டரைத் தாண்டியிருக்கும். அதன் பிறகு பத்துப் பதினைந்து வினாடிதான் ஸ்பிரின்டருடைய வேலை. எந்தச் சக்கரத்துக்குப் பின்னால் ஒட்டுவது, எந்த இடைவெளியில் நுழைவது, எப்போது கிளம்புவது என்பதையெல்லாம் யோசிக்க நேரம் இருக்காது. உடம்பு தானாக முடிவெடுக்க வேண்டும். உடம்பில் கொஞ்சம் நம்பிக்கை குறைந்தாலும் பிரேக் மேல் விரல் போய்விடும், அவ்வளவுதான், வாய்ப்பு போயிற்று. அதனால் ஒரு ஸ்பிரின்டர் தோற்கிறார் என்றால் காலில் சக்தி இல்லையா, முன்னால் ஓட்ட ஆள் இல்லையா, பயமா, நோயா என்று முடிவுப் பட்டியலைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது.

சரி, 2018க்கு வருகிறேன். அதற்கு முந்தைய வருடம், 2017 ஏப்ரலில், அவருக்கு எப்ஸ்டீன்-பார் வைரஸ் தாக்கம் என்று கண்டுபிடித்தார்கள். பெரும்பாலான மனிதர்களின் உடம்பில் இளவயதிலேயே புகுந்து சத்தமில்லாமல் தங்கிவிடும் வைரஸ் அது. சிலரை மட்டும் மாதக்கணக்கில் எழுந்திருக்க விடாமல் அடிக்கும். ஓய்வைத் தவிர அதற்கென்று தனி மருந்து இல்லை. ஆனால் ஜூலையில் டூர் இருக்கிறதே! அவசரமாகத் தயாராகி வந்தார். நான்காவது ஸ்டேஜில் விட்டெல் ஊரில், பீட்டர் சாகனோடு உரசி, தடுப்பில் மோதி விழுந்து தோள்பட்டை எலும்பு உடைந்தது. 2018 பிப்ரவரியில் துபாயில் ஒரு ஸ்டேஜ் ஜெயித்தார். அதற்கப்புறம் அபுதாபியில் விழுந்து தலையில் அடி, டிரெனோ-அட்ரியாட்டிகோவில் விழுந்து விலா எலும்பு முறிவு, அடுத்து மிலான்-சான் ரெமோவில் சாலை நடுவே இருந்த கம்பத்தில் மோதித் தூக்கியெறியப்பட்டார். எல்லாம் இரண்டு மாதத்துக்குள்.

இத்தனைக்கும் பிறகு அந்த ஜூலையில் அவரை டூருக்குக் கூட்டிப்போனார்கள். அப்போது அவர் இருந்தது டைமென்ஷன் டேட்டா என்ற தென்னாப்பிரிக்க அணியில். 2016ல் அவர்களுக்கு நான்கு ஸ்டேஜ் வாங்கித் தந்தவர் அவர். முதல் நாளே ஜெயித்து, தன் வாழ்க்கையில் முதல் தடவையாக மஞ்சள் ஜெர்சி போட்டதும் அந்த அணியில்தான். அந்தப் பழைய கேவண்டிஷ் எப்படியும் திரும்பி வந்துவிடுவார் என்று நினைத்திருக்க வேண்டும். ஒரு ஸ்பிரின்டில்கூட முதல் மூன்று இடத்துக்குள் வரவில்லை. 11வது ஸ்டேஜ் லா ரோசியேர் மலையில் முடிந்தது. ஜெயித்தவர் கெரைன்ட் தாமஸ். ஒவ்வொரு நாளும் முதலில் வந்தவரின் நேரத்தை வைத்து ஒரு கெடு உண்டு. அதற்குள் வராதவர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அன்றைய கெடு அரை மணி நேரம் சொச்சம். கேவண்டிஷ் வந்தது ஒரு மணி நேரத்துக்கும் மேல் கழித்து, தன்னந்தனியாக. கெடு தாண்டிவிட்டது என்று தெரிந்தும் வண்டியில் ஏறாமல் கோட்டைத் தொட்டார். அந்தக் காட்சியை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

ஆகஸ்டில் மறுபடி எப்ஸ்டீன்-பார் என்று தெரிந்தது. அதற்கு முந்தைய சில மாதங்களும் அவர் அந்த நோயோடுதான் ஓட்டியிருக்கிறார். அதே சமயத்தில் மன அழுத்த நோயும் கண்டறியப்பட்டதைப் பின்னால் அவரே பேட்டியில் சொன்னார்.

எனக்கு இது விளையாட்டுச் செய்தியாக மட்டும் படவில்லை. சில வருடங்களுக்கு முன் எனக்குச் சிக்குன்குனியா வந்தது. காய்ச்சல் ஒரு வாரத்தில் போனது, மூட்டு வலி எட்டு மாதம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் நண்பர்களோடு முப்பது நாற்பது கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டுகிறவன் நான். "சும்மா வாப்பா, ஓட்ட ஓட்டச் சரியாயிடும்" என்று அன்பாகத்தான் கூப்பிட்டார்கள். போனேன். அன்று மதியம் மாடிப்படி ஏற முடியவில்லை, அடுத்த இரண்டு வாரம் படுக்கையிலேயே போனது. வெளியே பார்ப்பவருக்கு ஆள் நன்றாகத்தான் தெரிவான். உள்ளே ஒன்றும் இருக்காது. தொழில்முறை சைக்கிள் உலகிலும் இதே பழக்கம் உண்டு. பந்தயம் ஓட்டியே ஃபார்முக்கு வருவது என்பார்கள். ஆரோக்கியமாக இருக்கிறவனுக்கு அது பலிக்கும். வைரஸ் இருக்கிறவனை அது இன்னும் ஆழத்தில் தள்ளும். ஒரு வருடம் முன்பு அதே நோய் வந்தவர், மாதக்கணக்கில் தடுமாறுகிறார் என்றால், "ஃபார்ம் இல்லை" என்று சொல்வதற்கு முன் ரத்தத்தைப் பார்த்திருக்க வேண்டாமா? என் கோபமெல்லாம் அங்கேதான்.

இப்போது 2019. ஜெயித்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. டூர் அணியில் எட்டு பேருக்குத்தான் இடம் (2018க்கு முன் ஒன்பது). ஸ்பிரின்டரை எடுத்தால் அவருக்கு முன்னால் ஓட்டவும் ஆள் எடுக்க வேண்டும், பாதி அணி அதற்கே போய்விடும். அந்தக் கணக்கில் பார்த்தால் அவரை விட்டதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நடந்தது என்ன? அணியின் செயல்திறன் பொறுப்பாளர் ரோல்ஃப் ஆல்டாக், கேவண்டிஷைத் தேர்ந்தெடுத்திருந்தார். அணியின் உரிமையாளர் டக் ரைடர் அதை மாற்றிவிட்டார். ஆல்டாக்கே இதைப் பத்திரிகைகளிடம் வெளிப்படையாகச் சொன்னார். தினமும் பயிற்சி எண்களைப் பார்க்கிறவர் ஒன்று சொல்ல, மேலே இருப்பவர் வேறு முடிவெடுத்தால், அப்புறம் அந்தப் பொறுப்பாளர் எதற்கு? மனம் உடைந்துவிட்டதாகக் கேவண்டிஷ் அறிவித்தார். வருடக்கணக்காக அவருக்கு முன்னால் ஓட்டிய மார்க் ரென்ஷாவுக்கும் இடமில்லை. அவர் அந்த வருடத்தோடு ஓய்வு பெற்றார். அவர்களை விட்டுவிட்டுப் போன அணி அந்த டூரில் ஒரு ஸ்டேஜ்கூட ஜெயிக்கவில்லை.

இந்த இடத்தில் பலரும் 2021ஐ இழுப்பார்கள். 2020ல் பஹ்ரைன் அணியிலும் அவருக்கு டூர் கிடைக்கவில்லை. அக்டோபரில் கென்ட்-வெவெல்கெம் பந்தயம் முடிந்து, இதுவே என் கடைசிப் பந்தயமாக இருக்கலாம் என்று கேமரா முன்னால் அழுதார். பழைய அணியான குயிக்-ஸ்டெப் குறைந்த சம்பளத்துக்கு அவரைச் சேர்த்துக்கொண்டது. டூருக்கு அவர் பெயர் கணக்கிலேயே இல்லை. அவர்களுடைய ஸ்பிரின்டர் சாம் பென்னட்டுக்கு முழங்காலில் பிரச்சினை வர, கிளம்ப ஒரு வாரம்கூட இல்லாத நிலையில் கேவண்டிஷை அழைத்தார்கள். ஃபூஷேர், ஷாத்தோரூ, வாலான்ஸ், கார்க்கசோன் என்று நான்கு ஸ்டேஜ். மெர்க்ஸின் 34ஐ எட்டிவிட்டார், பச்சை ஜெர்சியும் வாங்கினார். ஃபூஷேரில் ஜெயித்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதாரே, நானும் அழுதேன்.

"பார்த்தீர்களா, 2019லும் எடுத்திருக்கலாம்" என்பது சரியில்லை. 2021ல் அவரை யாரும் இரக்கப்பட்டு எடுக்கவில்லை. அந்த ஏப்ரலில் துருக்கியில் நான்கு ஸ்டேஜ் ஜெயித்திருந்தார், ஜூனில் பெல்ஜியத்தில் பெரிய ஸ்பிரின்டர்களைத் தோற்கடித்திருந்தார். உடம்பு திரும்பிவிட்டது என்பதற்குச் சாட்சி இருந்தது. முன்னால் மைக்கேல் மோர்கோவ் போன்ற கெட்டிக்காரரும் இருந்தார். 2019ல் இந்த இரண்டும் இல்லை.

அடுத்த வருடமும் இதே கேள்வி வந்தது. 2022ல் ஜீரோ டி இத்தாலியாவில் ஒரு ஸ்டேஜ் ஜெயித்து, ஜூன் கடைசியில் பிரிட்டிஷ் சாம்பியனும் ஆனார். அப்படியும் குயிக்-ஸ்டெப் அவரை டூருக்கு எடுக்கவில்லை, ஃபாபியோ யாக்கப்சனை எடுத்தது. எனக்கு வயிறு எரிந்தது. ஆனால் அந்த முடிவை ஏற்றுக்கொண்டேன். 2020ல் போலந்தில் உயிர் பிழைத்ததே பெரிது என்ற விபத்திலிருந்து மீண்டு வந்தவர் யாக்கப்சன். அப்போது கேவண்டிஷைவிட வேகமாகவும் இருந்தார். இரண்டாவது ஸ்டேஜிலேயே ஜெயித்தார். ஒருவரை விடுவதற்கு அவரைவிடச் சரியான இன்னொருவர் இருந்தார், முடிவெடுத்தவர்களுக்கும் ஒரே பேச்சு இருந்தது. 2019ல் நான் தேடிக் கிடைக்காதது அதுதான்.

அப்புறம் 2024. அஸ்தானா அணி கேவண்டிஷுக்காகவே மோர்கோவைக் கூட்டிவந்தது. ரென்ஷாவும் அங்கே பயிற்சியாளர்கள் பக்கம் வந்துவிட்டார். முதல் நாள் ஃபுளோரன்சிலிருந்து ரிமினிக்கு, கொளுத்தும் வெயிலில் மலை மலையாக ஏற வேண்டும். 39 வயது கேவண்டிஷ் வாந்தி எடுத்துக்கொண்டு கடைசியில் தவித்தார். எனக்கு உடனே லா ரோசியேர் ஞாபகம் வந்து, பார்க்கவே மனம் வரவில்லை. ஆனால் இந்தத் தடவை அவர் தனியாக இல்லை. சக வீரர்கள் அவரைச் சுற்றியே ஓட்டி, தண்ணீர் கொடுத்து, கெடுவுக்குள் கொண்டுவந்து சேர்த்தார்கள். நான்கு நாள் கழித்து, ஜூலை 3ஆம் தேதி, சான்-வுல்பாஸில் 35வது ஸ்டேஜை ஜெயித்தார்.