அப்பாவை உட்காரவைத்துப் பார்த்தீர்களா?

கேள்வி: தாராபுரத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். கையில் இரண்டேகால் லட்சம் இருக்கிறது. முழங்கால் ஆபரேஷன் ஆன அப்பாவை மாதம் இரண்டு முறை கோவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகவேண்டும். 2012 வேகன்-ஆர் பெட்ரோல், 2010 ஸ்கோடா லாரா டீசல் இரண்டும் ஏறக்குறைய ஒரே விலைக்கு வருகின்றன. லாராதான் கௌரவம் என்கிறார் மைத்துனர். அதில் ஒருமுறை உட்கார்ந்து எழுந்த அப்பா, ‘எனக்கு பஸ்ஸே போதும்பா’ என்கிறார். எதை வாங்கலாம்?

பதில்: தம்பி, அப்பா சொன்னதைக் கடைசியில் ஒரு வரியாக எழுதி முடித்துவிட்டீர்கள். ஏன் அப்படிச் சொன்னார் என்று கேட்டீர்களா? லாராவின் தாழ்வான சீட்டில் இடுப்பு முழங்காலுக்குக் கீழே இறங்கிவிடும். எழும்போது உடம்பின் பாரம் முழுக்க அந்த முட்டியில்தான் விழும். வலிக்கிறது என்று சொல்லி மகன் ஆசையைக் கெடுக்க மனசில்லாமல் பஸ் போதும் என்கிறார். அதைக் காதில் வாங்கிக்கொண்டும் இன்னும் லாராவை விலை பேசிக்கொண்டிருப்பது தப்பு. யாருக்காக வாங்குகிறீர்களோ அவருக்கு ஏறி இறங்க முடியாத வண்டி இலவசமாக வந்தாலும் வேண்டாம். பெற்றவரை நோகாமல் கூட்டிப்போவதைவிட மைத்துனர் சொல்லும் கௌரவம் பெரிதா?

லாரா ஓட்ட நல்ல வண்டிதான். ஆனால் இத்தனை வயசான டீசலில் டர்போ, கிளட்ச்சோடு சேர்ந்து அதிர்வைத் தாங்கும் டூயல் மாஸ் ஃப்ளைவீல், எஞ்சின் வால்வுகளை நேரம் தவறாமல் இயக்கும் டைமிங் பெல்ட் எல்லாமே செலவு வைக்கக் காத்திருக்கும். பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வில் இடித்து எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டே போய்விடும். டீசலைப் பீய்ச்சும் அதன் ஒரு இன்ஜெக்டர் விலையில் வேகன்-ஆருக்குக் கிளட்ச் செட்டே மாற்றிவிடலாம். சாமான் வரும்வரை வண்டி ஷெட்டில் நிற்கும். அந்த வாரம் அப்பா பஸ்ஸில்தான் போவார்.

வேகன்-ஆர் வாங்குங்கள். சீட் இடுப்பு உயரத்தில் இருக்கும். 998 சிசி கே-சீரிஸ் எஞ்சின், டைமிங் பெல்ட்டுக்குப் பதில் செயின். பிரேக் பேட், லோயர் ஆர்ம் புஷ் போன்ற தேயும் சாமான்கள் எல்லாம் உங்கள் ஊரிலேயே கிடைக்கும். எந்த மெக்கானிக்கும் தயங்காமல் கை வைப்பார்.

பார்க்கப் போவதைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். முன்கூட்டி ஸ்டார்ட் செய்யக்கூடாது என்று சொல்லிவிட்டு, போனதும் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள். இன்னொரு நாள் வாருங்கள். ஆறிய எஞ்சினில் முதல் ஸ்டார்ட்டில் செயின் கலகலவென்று சத்தம் போட்டு நீடித்தால், ஆயில் ஒழுங்காக மாற்றாத வண்டியாக இருக்கலாம். நீலப் புகை நிற்காமல் வந்தால் ஆயில் எரிகிறது. ஆயில் மூடியைத் திருப்பிப் பாருங்கள். அடியில் காபி நுரைபோலப் படிந்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கலாம், மெக்கானிக்கிடம் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் சீலான ஹெட் கேஸ்கெட்டைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

கூலன்ட் டப்பாவை விட்டுவிடாதீர்கள். நம் பக்கத்துப் பழைய வண்டிகளைக் கெடுப்பது போர்வெல் தண்ணீர்தான். கூலன்ட்டுக்குப் பதில் அதை ஊற்றி ஊற்றி ரேடியேட்டர் குழாயெல்லாம் உப்படைத்துவிடும். டப்பாவில் செங்கல் நிறத் தண்ணீர் இருந்தால் ஏசி போட்டு இருபது நிமிஷம் நின்ற இடத்திலேயே ஓடவிடுங்கள். ஃபேன் ஓடியும் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாவதாக டேஷ்போர்டு காட்டினால் அந்த வண்டி வேண்டாம்.

சென்னை வண்டி என்றால் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். சுருளுக்குள் இருந்த பகுதியில் சேற்றுக் கோடு தெரிந்தால் வெள்ளத்தில் நின்ற வண்டி. கால்மிதியைத் தூக்கி அடியில் துரு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஆர்.சி.யில் பதிவு எந்தத் தேதிவரை என்று பாருங்கள். 2012-ல் பதிவான வண்டிக்கு 2027-ல் 15 வருஷம் முடிகிறது. பிறகு 5 வருஷத்துக்கு ஒருமுறை ஆர்.டி.ஓ.விடம் காட்டிப் புதுப்பிக்கவேண்டும். கட்டணம், பசுமை வரி உண்டு. அதைச் சொல்லி விலையைக் குறையுங்கள். ஆர்.சி.யில் கடன் பதிவு இருந்தால், பேங்க் தரும் ஆட்சேபணை இல்லை என்ற சான்றும் (என்.ஓ.சி.) கடன் பதிவை நீக்கும் படிவம் 35-ம் கைக்கு வராமல் பணம் கொடுக்காதீர்கள். டயர், பேட்டரி, ஆயில், கூலன்ட் மாற்ற நாற்பதாயிரத்தைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் அப்பாவை அழைத்துப் போங்கள். முன்சீட்டைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு அவரையே ஏறி இறங்கச் சொல்லுங்கள், மூன்று தடவை. பக்கத்தில் நில்லுங்கள், ஆனால் கை கொடுக்காதீர்கள். மூன்றாவது தடவை இறங்கும்போது அவர் முகத்தைப் பாருங்கள்.