எட்டுச் சொல்

அன்புள்ள அம்மா,

நான் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவன், திருச்சி. போன மாதம் நானும் மனைவியும் சிங்கப்பூரில் இருந்து நான்கு இரவு கப்பல் பயணம் போய்வந்தோம். மகள் எடுத்துக் கொடுத்த டிக்கெட். இரண்டாம் நாள் ராத்திரி கடல் கொஞ்சம் ஆட்டமாக இருந்தது. சாப்பிட்டுவிட்டுத் திரும்பும்போது மனைவி தலைசுற்றி லிஃப்ட் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். எத்தனையோ பேர் தாண்டிப் போனார்கள். அதில் நம்மூர்க் குடும்பங்களே நாலைந்து. நின்றது ஒரே ஒரு ஆஸ்திரேலியப் பெண்மணி. எழுபது வயது இருக்கும். தரையில் உட்கார்ந்து மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, பையில் இருந்து இஞ்சி மிட்டாய் எடுத்துக் கொடுத்து, அறை வரைக்கும் கூடவே வந்தார். அன்று இரவு முழுக்க மனைவிக்கு வாந்தி. ரூம் பாய் இரண்டு முறை வந்து சுத்தம் செய்துவிட்டுப் போனார். காலையில் அந்தப் பெண்மணி மறுபடி கதவைத் தட்டி இரண்டு பச்சை ஆப்பிள் கொடுத்தார்.

இறங்கும் நாளில் அவரைப் பார்த்து நன்றி சொல்லி, போன் நம்பர் கேட்டேன். சிரித்தார், கையை ஆட்டினார், கூட்டத்தோடு போய்விட்டார். மனசுக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. அது உண்மையான அன்பா, இல்லை விடுமுறை உற்சாகமா? ‘யாதும் ஊரே யாவரும் கேளிர்’ என்று பாடிய நம்மவர்களுக்கு இந்தக் குணம் ஏன் இல்லை? கப்பல் கம்பெனிக்கு எழுதி அவர் முகவரி வாங்கி ஒரு பட்டுப்புடவை அனுப்பினால் தப்பாக எடுத்துக்கொள்வார்களா?

ஒரு வாசகர்

*

அன்புள்ள சார்,

உங்கள் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். நான் பதில் எழுத உட்கார்ந்த காரணம் வேறு.

அந்தப் பெண்மணி காட்டியது அன்புதான், சந்தேகமே வேண்டாம். நம்பர் கொடுக்காமல் போனாரே, அதில்தான் எனக்கு அவரை ரொம்பப் பிடித்தது. கொடுத்திருந்தால் தினம் விடிகாலையில் ரோஜாப்பூவோடு ‘குட் மார்னிங்’ அனுப்பியிருப்பீர்கள். பொங்கலுக்குப் பானைப் படம், தீபாவளிக்கு விளக்குப் படம். பாவம், தப்பித்தார். கோபித்துக்கொள்ளாதீர்கள். தரையில் உட்கார்ந்து உங்கள் மனைவியின் கையைப் பிடித்தாரே, அந்தக் கணக்கை அவர் அங்கேயே முடித்துவிட்டார். பாக்கி நிற்கிறது என்று பேரேட்டைத் திறந்து வைத்துக்கொண்டிருப்பது நீங்கள்தான்.

நம்மவர்களுக்கு அந்தக் குணம் இல்லை என்பது சுத்த அபத்தம். தாண்டிப் போன நம்மூர்க் குடும்பங்களை எண்ணியிருக்கிறீர்கள். தாண்டிப் போன வெள்ளைக்காரர்கள் எத்தனை பேர்? எண்ணினீர்களா? என் பெரியம்மா ஐம்பதுகளில் நாகப்பட்டினத்தில் ‘ராஜுலா’ ஏறி பினாங்குக்குப் போனவர். 1926இல் ஓட ஆரம்பித்து எழுபதுகளின் தொடக்கம் வரை நம் ஜனங்களை அக்கரைக்கும் இக்கரைக்கும் சுமந்த கப்பல் அது. அறையெல்லாம் காசுள்ளவர்களுக்கு. மற்றவர்கள் டெக்கில் பாய் விரித்துப் படுக்க வேண்டியதுதான். பக்கத்துப் பாயில் இருந்த அம்மாள் பினாங்கு வருகிற வரைக்கும் பெரியம்மாவின் கைக்குழந்தையைத் தன் மடியிலேயே வைத்திருந்தார். அவரை நாங்கள் கடைசி வரை ‘கப்பல் அத்தை’ என்றுதான் கூப்பிட்டோம். என்ன ஊர், என்ன ஜாதி என்று தான் கேட்டதே இல்லை என்பார் பெரியம்மா. அது பொய்யாகத்தான் இருக்கும். ஆனால் கப்பல் அத்தை பொய் இல்லை.

கணியன் பூங்குன்றனாரையும் இழுத்திருக்கிறீர்கள். அந்தப் பாட்டை முதல் வரியோடு நிறுத்திக்கொள்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதன் நடுவில் ஆற்றோடு போகிற ஒரு தெப்பம் வருகிறது. முடிவில், பெரியவர்களைப் பார்த்து வியப்பதும் இல்லை, சிறியவர்களை இகழ்வது அதைவிடவும் இல்லை என்கிறார். கடைசி வரி வரைக்கும் ஒரு முறை படியுங்கள். எதற்குச் சொல்கிறேன் என்று கொஞ்சம் பொறுத்தால் தெரியும்.

விடுமுறை உற்சாகமா என்கிறீர்கள். இருக்கட்டுமே, என்ன குறைந்துபோயிற்று? விடுமுறையில் மனுஷனுக்கு நேரம் இருக்கிறது. அடுப்பில் பால் இல்லை, பிடிக்க வேண்டிய பஸ் இல்லை. ஊரில் இருந்தால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நம்மைத் தாண்டிப் போகிறவர், கப்பலில் தரையில் உட்காருவார். நல்லதுதான். ஆனால் விடுமுறையே இல்லாதவர்களும் செய்கிறார்கள். 2012 ஜனவரி 13 இரவு இத்தாலியில் ஜிக்லியோ தீவின் ஓரம் ‘கோஸ்டா கான்கார்டியா’ பாறையில் மோதிச் சாய்ந்தது. கப்பலில் 4,229 பேர். அந்தச் சின்னத் தீவின் ஜனங்கள் நடுராத்திரியில் தேவாலயத்தைத் திறந்தார்கள், பள்ளிக்கூடத்தைத் திறந்தார்கள், தங்கள் வீட்டுக் கதவையும் திறந்தார்கள், கட்டிலில் கிடந்த கம்பளியை உருவிக்கொண்டு வந்து ஈரத்தோடு நடுங்கியவர்களைப் போர்த்தினார்கள். மறுநாள் எல்லோரும் படகேறிப் போய்விட்டார்கள். அன்று 32 பேர் இறந்தார்கள். கடைசியாகக் கிடைத்த உடல், 2014 நவம்பரில், மும்பையைச் சேர்ந்த ஒரு வெயிட்டருடையது. தன் மிதவை அங்கியை அவர் வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார் என்று அப்போது செய்திகளில் வந்தது.

வெயிட்டர் என்றதும் நான் சொல்ல வந்த இடத்துக்கு வந்துவிட்டேன்.

உங்கள் கடிதத்தில் ஒரு வரி. ‘ரூம் பாய் இரண்டு முறை வந்து சுத்தம் செய்துவிட்டுப் போனார்.’ எண்ணிப் பார்த்தேன், எட்டுச் சொல். இஞ்சி மிட்டாய்க்குப் பத்தி பத்தியாக எழுதத் தெரிந்த உங்களுக்கு, இரவில் அடுத்தவர் வாந்தியைக் குனிந்து துடைத்தவருக்கு எட்டுச் சொல். அவர் கறுப்பா சிவப்பா, எந்த நாடு, மூக்கைப் பொத்திக்கொண்டாரா, உங்கள் மனைவியைப் பார்த்து ஏதாவது சொன்னாரா? ஒன்றும் இல்லை. சம்பளம் வாங்குகிறார், செய்கிறார் என்பீர்கள். நீங்களும் முப்பது வருஷம் சம்பளம் வாங்கியவர்தானே? பென்ஷன் வாங்க வந்த கிழவிக்குப் படிவத்தை நிரப்பிக் கொடுத்திருப்பீர்கள். அதையும் சம்பளத்துக்குச் செய்தேன் என்றா சொல்வீர்கள்?

வங்கிக்காரர் என்பதால் ஒரு கணக்கு. கடல்சார் தொழிலாளர்களுக்கு 2006இல் ஒரு சர்வதேச உடன்படிக்கை போட்டார்கள். நடைமுறைக்கு வந்தது 2013இல். ஒவ்வொரு நாடும் இத்தனை மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்று வைக்கலாம், அல்லது இத்தனை மணி ஓய்வு கொடுக்க வேண்டும் என்று வைக்கலாம். ஓய்வு என்று வைத்தால் வாரத்துக்குக் குறைந்தது 77 மணி. வாரத்துக்கு மொத்தம் 168 மணி. கழியுங்கள். 91. ஏழால் வகுத்தால் நாளுக்கு 13. இது சட்டப்படியே வாங்கக்கூடிய வேலை. ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று அங்கே கிடையாது. ஆறு மாதம், எட்டு மாதம் ஒரே ஒப்பந்தம். ஒரு ஆளுக்குப் பதினைந்து இருபது அறைகள். தூங்குவதற்குத் தண்ணீர் மட்டத்தை ஒட்டியோ அதற்குக் கீழேயோ ஜன்னல் இல்லாத ஓர் அறை, அதிலும் கூட ஒருவர். உங்கள் மனைவிக்காக இரண்டாவது தடவை வந்தாரே, அது அவருடைய பதின்மூன்று மணிக்கு உள்ளேயா வெளியேயா? எனக்கும் தெரியாது, நீங்களும் கேட்டிருக்க மாட்டீர்கள்.

2020 பிப்ரவரியில் கொரோனாவால் ஜப்பானின் யோகோஹாமாவில் ‘டயமண்ட் பிரின்சஸ்’ கப்பல் நின்றதே, நினைவிருக்கிறதா? 3,711 பேர். பயணிகளை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார்கள். கதவு கதவாகச் சாப்பாட்டுத் தட்டைக் கொண்டுபோனது யார்? பணியாளர்கள்தான். அவர்களைத் தனித்தனி அறையில் வைக்க யாரும் யோசிக்கவில்லை. வழக்கம்போல இருவராகத் தூங்கி, ஒன்றாக மெஸ்ஸில் சாப்பிட்டு, மறுபடி தட்டைத் தூக்கினார்கள். எழுநூறு பேருக்கு மேல் தொற்று. அந்தக் கப்பலில் இருந்த இந்தியர்கள் 138 பேர். பயணிகள் ஆறு பேர், பணியாளர்கள் 132 பேர். நம்மவர்கள் உதவ மாட்டார்கள் என்று எழுதினீர்களே, சார், நீங்கள் லிஃப்ட் பக்கத்தில் தேடியிருக்கிறீர்கள். அவர்கள் சர்வீஸ் படிக்கட்டில் இருந்தார்கள்.

ரொம்பத்தான் திட்டிவிட்டேன். திட்டுகிற யோக்கியதை எனக்கு இருக்கிறதா என்றால், இல்லை. போன வாரம் அலமாரியை ஒழித்தபோது, 2018இல் நாங்கள் போன கப்பலின் அறைச் சாவி அட்டை கிடைத்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் தரையில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு நாள் கழித்து உங்கள் கடிதம்.

எங்கள் அறைக்கு வந்த பையனுக்கு முப்பது வயது இருக்கும். சட்டையில் பேரும் ‘இந்தியா’ என்றும் பட்டை. பேரைப் பார்த்ததுமே கோவாக்காரர் என்று நானாக முடிவு கட்டிவிட்டேன். மூன்று நாளும் ‘ஒன் மோர் டவல், ப்ளீஸ்’ என்று என் ஆங்கிலம். ‘ஷுர் மேடம்’ என்று அவருடைய ஆங்கிலம். அவரை வைத்துக்கொண்டே நாங்கள் தமிழில் சகலமும் பேசினோம். மருமகளைப் பேசினோம். வீட்டுக்காரரின் மலச்சிக்கலைப் பேசினோம்.

மூன்றாம் நாள் சாயங்காலம் அவர் குளியலறையில் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். நாங்கள் கட்டிலில் உட்கார்ந்து டிப்ஸ் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோம். உங்களுக்கும் தெரிந்திருக்கும், பல கப்பல்களில் ஆளுக்கு நாளொன்றுக்கு இத்தனை டாலர் என்று பணியாளர்களுக்காகத் தானாகவே கணக்கில் பிடித்துவிடுவார்கள். கவுன்டரில் போய்ச் சொன்னால் எடுத்துவிடுவார்கள் என்று பக்கத்து அறைக்காரர் சொல்லிக் கொடுத்திருந்தார். “எடுத்துட்டு, இவன் கையில நேரா பத்து டாலர் குடுத்துடலாம். இவனுக்கு அதுவே ஜாஸ்தி” என்றேன். நான்தான் சொன்னேன், சார், என் வீட்டுக்காரர் இல்லை. உள்ளே குழாய் நின்றது. அப்புறம் மறுபடி தண்ணீர் விழும் சத்தம்.

ராத்திரி வந்து பார்த்தால் கட்டிலில் துண்டால் மடித்த ஒரு யானை. அதன் மூக்கில் வீட்டுக்காரரின் கண்ணாடி. சிரித்தோம், போட்டோ எடுத்தோம். அதற்கு முன்பே கவுன்டர் வரிசையில் நின்று அந்தப் பணத்தை எடுத்துவிட்டுத்தான் வந்திருந்தோம்.

இறங்கும் நாள் காலை ஒரே அவசரம். சாப்பிடக்கூடப் போகவில்லை. நடையெல்லாம் பெட்டிகள், ஜனங்கள். அறையைப் பூட்டிக்கொண்டு பத்தடி போயிருப்போம். பின்னால் அவர் வேகமாக வந்தார். என் பக்கத்தில் வந்து குனிந்து, மெதுவான குரலில், நல்ல தூத்துக்குடித் தமிழில் சொன்னார்: “அம்மா, ஐயாவோட பல்செட்டு பாத்ரூம் கப்புல கெடக்கு. நீங்க மட்டும் வந்து எடுத்துக்கிடுங்க.”

எனக்கு முதலில் அர்த்தமே ஏறவில்லை. சுற்றிலும் இருபது பேர் இருந்தார்கள். ஆங்கிலத்தில் சொல்லியிருந்தால் அத்தனை பேரும் என் வீட்டுக்காரர் வாயைத்தான் பார்த்திருப்பார்கள். அதற்காக, மூன்று நாளாக மூடி வைத்திருந்த தமிழைத் திறந்திருக்கிறார்.

அறைக்குள் போனதும் கேட்டேன், “தமிழ்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாப்பா?”

“சொல்லியிருந்தா நீங்க நிம்மதியா பேசியிருக்க மாட்டீங்கல்லாம்மா” என்றார். கப்பைக் கழுவி, டிஷ்யூவில் சுற்றி என் கையில் வைத்தார். குத்திக்காட்டினாரா என்று முகத்தைப் பார்த்தேன். அப்படி ஒன்றும் தெரியவில்லை. அதற்குள் அடுத்த அறை விரிப்பை உருவப் போய்விட்டார். கைப்பையில் இருந்த சிங்கப்பூர் டாலரை எல்லாம் அள்ளிக்கொண்டு பின்னாலேயே போய்க் கொடுத்தேன். எண்ணாமல் பையில் போட்டுக்கொண்டார். அவ்வளவுதான். அவர் பேர் எனக்கு இன்று நினைவில்லை. பட்டையைப் பார்த்துத்தானே கோவா என்று முடிவு கட்டினேன்? அந்தப் பேர்தான் மறந்துபோயிற்று. சாவி அட்டையில் என் பேர் இருக்கிறது, பயணத் தேதி இருக்கிறது.

உங்கள் மனைவியைக் கேட்டுப் பாருங்கள். படுத்துக் கிடந்தவர் அவர், பட்டையை அவர் படித்திருப்பார். கப்பல் கம்பெனிக்கு எழுதத்தான் போகிறீர்கள் என்றால் அந்தப் பெண்மணியை விட்டுவிட்டு இதை எழுதுங்கள்: அறை எண், தேதி, ராத்திரி மணி, இரண்டு முறை வந்தது. பேர் நினைவில்லாவிட்டாலும் அறை எண்ணை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். எட்டுச் சொல்லுக்கு மேல் எழுதுங்கள்.

புடவையை வீட்டிலேயே கொடுத்துவிடுங்கள். விடிய விடிய வாந்தி எடுத்தவர் அங்கே இருக்கிறார்.

அன்புடன்